பச்சைக்குத்தான் விலை

விடியற்காலை இருட்டு விலகும் முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. தூக்குவாளியில் மதியச் சோறு, சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு பழைய முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. ஏறுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏற ஏறக் காற்று குளிர்கிறது. கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறுகின்றன. ஜீப்புக்குள் பேச்சு மட்டும் தமிழிலேயே தொடர்கிறது. வண்டன்மேடு, புற்றடி, ஆமையார், அணக்கரை என்று எந்தப் பக்கம் இறங்கினாலும் ஏலத்தோட்டம்தான்.

இவர்கள் செய்யும் வேலைக்குப் பெயர் ‘காய் எடுக்கிறது’. ஏலச்செடி வாழை மாதிரி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும் சரத்தில்தான் பூவும் காயும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகுக்குள் கையை விட்டு, முற்றிய காயை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக் கிள்ள வேண்டும். நாள் முழுக்க முகமும் கையும் அந்தத் தூருக்குள்ளேதான் இருக்கும். அதே தூருக்குச் சில நாள் முன்னால்தான் இன்னோர் ஆள் குழாய் பிடித்து ‘மருந்து’ அடித்திருப்பார்.

பூச்சிக்கொல்லிக்கு நம் விவசாயி வைத்திருக்கும் பெயர் மருந்து. பிள்ளைக்குக் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, செடியின் பேனைக் கொல்வதும் மருந்து. ஊரில் யாராவது ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று சொல்லும்போது மட்டும் அந்தச் சொல்லின் மறுபக்கம் எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிடுகிறது.

வண்டன்மேட்டுத் தூரில் தொடங்கும் இந்த மருந்துக் கதை நீதிமன்றம் வரை போனது, யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து. சபரிமலைச் சன்னிதானத்திலிருந்து.

அரவணையில் கண்டது

2023 ஜனவரி 11. மகரவிளக்குக்கு மூன்று நாள் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து குமுளி வழியாக ஐயப்பப் பக்தர்களின் வண்டிகள் இரவு பகலாக ஏறிக்கொண்டிருந்த வேளையில், ஏலக்காய் கலந்த அரவணைப் பாயசத்தை இனி விற்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. சன்னிதானக் கிடங்கில் அப்போது இருந்தவை 6.65 லட்சம் டின்கள். ஒரு டின் 100 ரூபாய் என்றால் ஆறரைக் கோடிக்கும் மேலான பிரசாதம் பூட்டிய அறைக்குள் முடங்கியது. மறுநாளிலிருந்து திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு ஏலக்காய் சேர்க்காத அரவணையைக் காய்ச்சி விற்றது.

வழக்கைத் தொடுத்தவர் பக்தரோ நுகர்வோர் அமைப்போ அல்லர். ஏலக்காய் வழங்கும் ஒப்பந்தம் கிடைக்காத ஒரு வணிக நிறுவனம். வழங்கப்பட்ட சரக்கின் தரம் சரியில்லை என்று அது சொன்னது. உயர் நீதிமன்றம் ஏலக்காய் மாதிரியைத் திருவனந்தபுரம் அரசு ஆய்வகத்துக்கு அனுப்பியது. பிறகு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வழியாகவும் சோதனை நடந்தது. அனுமதித்த அளவுக்கு மேல் 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் அந்த ஏலக்காயில் இருந்ததாக அறிக்கை வந்தது.

ஒன்றிரண்டு என்றால் ஏதோ ஒரு தோட்டத்தில் கை தவறிவிட்டது எனலாம். பதினான்கு என்பது கை தவறி வருகிற எண்ணிக்கை இல்லை.

தேவஸ்வம் போர்டு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே வழக்கின் முகமே மாறியது. ஏலக்காயைத் தனியாகச் சோதித்தது சரி, பக்தர் உண்பது அரவணையைத்தானே, அதைச் சோதித்தார்களா என்ற கேள்வி எழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு பாயசத்தையே சோதித்தபோது, அது உண்ணத் தக்கது என்று முடிவு வந்தது. சிவப்பரிசியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த அண்டாவில் ஏலக்காய் ஒரு சிட்டிகைதான் என்பதால் நஞ்சின் அளவும் கரைந்து வரம்புக்குள் வந்துவிடுகிறது. 2024 மார்ச் 6-ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒப்பந்தம் கிடைக்காத போட்டியாளரின் மனுவில் உயர் நீதிமன்றம் இந்த அளவு இறங்கியிருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதற்குள் டின்கள் நாள்பட்டுவிட்டன. யாருக்கும் கொடுக்க முடியாத அத்தனை பாயசமும் கடைசியில் உரமாக்குவதற்காக மலையிலிருந்து இறக்கப்பட்டது.

வழக்கு முடிந்தது. ஏலக்காய்க்குள் அந்தப் பதினான்கும் எப்படிப் புகுந்தன என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. அது அவர்கள் முன்னால் இருந்த கேள்வியும் அல்ல. அதற்கான பதில் இந்த மலைமேல் இருக்கிறது.

சொறி விழுந்தால் விலை இல்லை

ஏலக்காய்க்கு முதல் எதிரி பேன். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு பூச்சி. பூவிலும் பிஞ்சிலும் இருந்து சாற்றை உறிஞ்சும். காய் சாவதில்லை, ஆனால் தோலில் பழுப்பு நிறத்தில் சொறி விழுந்துவிடும். அடுத்தது தண்டுத் துளைப்பான். அது தட்டையையும் சரத்தையும் காயையும் குடைகிறது. வேரில் புழு. தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தால் அழுகல். ஆக, வருடம் முழுக்கச் செடிக்கு ஏதோ ஒன்று.

சொறி விழுந்த காயின் மணம் முழுதாகப் போய்விடுவதில்லை. பாயசத்தில் இடித்துப் போட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் ஏலத்தில் அதன் விலை விழுந்துவிடும். வியாபாரி பார்ப்பது இரண்டு: பருமன், பச்சை. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக, சொறியில்லாமல், கிளிப்பச்சையாக இருந்தால் அதற்கு ஒரு விலை. ஆறேழு மில்லிமீட்டரில் வெளிறிக் கிடந்தால் வேறு விலை. ஆகவே விவசாயி மருந்தடிப்பது காயின் தோலைக் காப்பாற்றத்தான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை என்று அடிக்கிறார்கள். ஒன்று கேட்கவில்லை என்றால் இரண்டைக் கலந்து அடிக்கிறார்கள். பூச்சிக்கு அது பழகிப்போகிறது, அடுத்த முறை இன்னொரு மருந்து.

கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பரப்பிய ஞள்ளானி ரகம் இந்த மலையின் வரலாற்றையே மாற்றியது. பழைய ரகங்களைவிடப் பன்மடங்கு காய்த்தது. அதோடு நிழல் மரங்களை வெட்டிக் குறைப்பதும், உரமும் மருந்தும் கூடுவதும் சேர்ந்து வந்தன. விலையும் ஆசை காட்டியது. 2018 வெள்ளமும் அடுத்த கோடையின் வறட்சியும் விளைச்சலை அடித்துப்போட, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில், கைக்கு வந்த ஒரு காயைப் பேனுக்குக் கொடுக்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, நியாயம் இல்லை. பச்சைக்குக் காசு கொடுக்கிற சந்தையை வைத்துக்கொண்டு பச்சையை விட்டுக்கொடு என்று சொல்ல முடியாது.

மருந்தடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் காய் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. நெல்லுக்கும் கத்திரிக்கும் அதைக் கடைப்பிடிப்பது முடிகிற காரியம். ஏலத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒரே சரத்தில், ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஆடியில் தொடங்கித் தை மாசி வரை சுற்றுச் சுற்றாகக் காய் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பிஞ்சைக் காக்க அடிக்கும் மருந்து பக்கத்தில் முற்றி நிற்கும் காயிலும் விழாமல் எங்கே போகும்? பிறகு ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க இளஞ்சூட்டில் உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. நீர் ஆவியாகிறது. மருந்து அவ்வளவும் அதோடு போய்விடுவதில்லை. மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு எடைக்குள் நெருங்கிக் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ. காலையில் தேனீ பறக்கும் நேரத்தில் மருந்தடித்தால் காய்ப்பே குறையும், மதியத்துக்கு மேல் அடியுங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மயிலாடும்பாறையில் 1978 முதல் இயங்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் அதற்கும் முந்தைய வேளாண் பல்கலைக்கழக நிலையமும் இங்கிருந்து அருகில்தான். சருகை அரித்து எடுப்பது, வேர்ப்புழுவின் வண்டுகளைக் கையால் பிடித்து அழிப்பது, புழுவைத் தின்னும் நுண்புழுக்களை மண்ணில் விடுவது என்று அவர்களிடம் மாற்று வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆள்கூலி அதிகம், பலன் மெதுவாக வரும். ஏலத்தில் அதற்கென்று ஒரு ரூபாய் கூடக் கிடைப்பதில்லை.

புற்றடியில் ஒரு நாள்

ஏலம் என்ற ஒரே சொல் செடிக்கும் சந்தைக்கும் பொருந்துவது தமிழுக்குக் கிடைத்த வசதி. வண்டன்மேட்டு ஊராட்சிக்குள்ளேயே இருக்கும் புற்றடியில், நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் போடிநாயக்கனூரில் இன்னொன்று. 2007-க்கு முன் வாயால் கேட்டுக் கையால் எழுதிய ஏலம் அந்த ஆண்டிலிருந்து கணினித் திரைக்கு மாறியது. நாட்டின் ஏலக்காயில் பெரும்பங்கு இந்த இரண்டு கூடங்களின் வழியாகத்தான் வெளியே போகிறது.

வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு குவியலின் மாதிரியும் அவர்கள் கைக்கு வரும். உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்ப்பார்கள், ஒரு காயைப் பிதுக்கி விதையின் கறுப்பைப் பார்ப்பார்கள், மூக்கருகே கொண்டுபோவார்கள். சில நொடிகளில் திரையில் விலை ஏறி, நின்று, அடுத்த குவியல் வந்துவிடும். பல தலைமுறைப் பழக்கம் இந்தக் கைகளில் இருக்கிறது. எடையும் பருமனும் நிறமும் ஈரமும் மணமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பூச்சிக்கொல்லி எச்சத்தைக் கண்டுபிடிக்க மட்டும் எந்தக் கைக்கும் மூக்குக்கும் வழி கிடையாது. அதற்குக் கருவி வேண்டும்.

பச்சைக்கு விலை இருப்பதால் வேறொரு தீமையும் புகுந்தது. வெளிறிய காய்க்குச் சாயம். உலர்த்துவதற்கு முன் சலவைச் சோடாக் கரைசலில் சிறிது நேரம் முக்கி எடுப்பது நிறம் காக்க ஏற்கப்பட்ட முறை. செயற்கைப் பச்சையைப் பூசுவது அப்பட்டமான கலப்படம். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஏலக்காயில் வெளியிலிருந்து எந்த வண்ணமும் சேரக் கூடாது. வாரியமும் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுகின்றன, சோதனை போடுகின்றன. சாயத்தை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்: நாலு காயை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வையுங்கள், நீர் பளிச்சென்று பச்சையானால் சந்தேகப்படலாம். பூச்சிக்கொல்லிக்கு அப்படி ஓர் அடுப்பங்கரைச் சோதனை இல்லை. அதனால்தான் அந்த வேலையை அரசு செய்ய வேண்டியிருக்கிறது.

வேலி எங்கே தொடங்குகிறது

அரசு செய்கிறதா? சட்டத்தைப் புரட்டினால் விடை தெரியும்.

1954-இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை நீக்கிவிட்டு 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று கடுமையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 18-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் படிக்க வேண்டும். விவசாயிக்கும் மீனவருக்கும், சாகுபடி வேலைக்கும், தோட்ட அளவில் விளைந்த பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. அரை ஏக்கர் வைத்திருப்பவரின் வாசலில் இன்ஸ்பெக்டர் போய் நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த விலக்கு. அந்த நல்லெண்ணத்தை மதிக்கலாம். விளைவு என்னவென்றால், உணவுச் சட்டத்தின் வேலி தோட்டத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது. நஞ்சு உள்ளே சேர்வதோ தோட்டத்தில்.

தோட்டத்துக்கு உள்ளே இருப்பது 1968-இன் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன் பிறப்பே கேரளத்தில்தான். 1958 ஏப்ரல், மே மாதங்களில் ஃபாலிடால் என்ற பூச்சிக்கொல்லி கப்பல் பயணத்தின்போது கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் கசிந்து, அவற்றைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பூச்சிக்கொல்லிகளை யார் தயாரிக்கலாம், எப்படி ஏற்றிச் செல்லலாம், யார் விற்கலாம் என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்ற முடிவு அதன் தொடர்ச்சியாகப் பத்தாண்டு கழித்து வந்தது.

இன்றைய ஏற்பாடு இதுதான். எந்தப் பயிருக்கு எந்த மருந்து என்று பதிவு செய்வது மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழுள்ள பதிவுக் குழு. உணவில் எவ்வளவு மிஞ்சலாம் என்று உச்சவரம்பு போடுவது சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஏலத்துக்கு உரிமம் கொடுப்பது வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள ஸ்பைசஸ் போர்டு. மருந்துக் கடைக்கு உரிமம் கொடுப்பது மாநில வேளாண் துறை. நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சுமையில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் மாநில எல்லை. 2011 மே மாதம் கேரள அரசு கார்போஃபியூரான், ஃபோரேட், மோனோகுரோட்டோபாஸ், புரோஃபெனோபாஸ், பாராகுவாட் உள்ளிட்ட 14 மருந்துகளுக்குத் தடை போட்டது. காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் செய்த கொடுமை கேரளத்தின் மனசாட்சியை உலுக்கியிருந்த நேரம் அது. அதே மாதம் 13-ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானை நாடு முழுக்க நிறுத்தி வைத்தது. ஆனால் கேரளத்தின் தடை கேரளத்தில்தான் செல்லும். வண்டன்மேட்டிலிருந்து கம்பம் மலையிறங்கினால் போய்விடக்கூடிய தூரம். ஒரு மாநிலம் மட்டும் தடுத்தால் மலைச்சாலை அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

2015-இல் இதே சாலை நேர்மாறான இன்னொரு சண்டையைப் பார்த்தது. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி அதிகம், சோதிக்காமல் உள்ளே விட மாட்டோம் என்று கேரளம் கிளம்பியது. தமிழ்நாடு மறுத்தது. இரண்டு பக்கமும் கடிதங்கள் பறந்தன. தேனி மாவட்டத்து முட்டைக்கோஸையும் தக்காளியையும் பற்றிக் கேரளம் கேட்டது நியாயமான கேள்வி. ஏலக்காயைப் பற்றியும் அதே கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும்.

கடல் கடந்தால் ஒரு சோதனை

உச்சவரம்பு என்றால் என்ன அளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. எந்த மருந்துக்குத் தனி வரம்பு குறிக்கப்படவில்லையோ அதற்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது நெடுநாள் விதி. நூறு டன் சரக்கில் ஒரு கிராம். 2024 ஏப்ரலில் ஆணையம் நறுமணப் பொருள்களுக்கும் மூலிகைகளுக்கும் அதைப் பத்து மடங்கு தளர்த்தி 0.1 மில்லிகிராமாக்கியது. எதிர்ப்பு வந்தபோது, உலகிலேயே கடுமையான வரம்புகளில் ஒன்று நம்முடையது என்று மே மாதம் மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. நாட்டில் பதிவான 295-க்கு மேற்பட்ட பூச்சிக்கொல்லிகளில் நறுமணப் பயிர்களுக்குப் பதிவானவை 139 என்று அந்த விளக்கமே சொல்கிறது. ஏலக்காய்க்கென்று தனியாகப் பதிவானவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பயிருக்குச் சொல்லாத மருந்தை அடித்தால் கண்டுபிடிக்கும் வலையின் கண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கியது தவறான முடிவு. வரம்பைத் தளர்த்தியதால் சோதனையில் தேறும் மூட்டை கூடும், மூட்டைக்குள் இருப்பது மாறாது.

அதே ஏப்ரலில்தான் நாடெங்கும் பேசப்பட்ட மசாலா விவகாரமும் வெடித்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம், எம்.டி.எச். நிறுவனத்தின் மெட்ராஸ் கறிப்பொடி, சாம்பார் மசாலா உள்ளிட்ட மூன்றிலும், எவரெஸ்ட் மீன்குழம்பு மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக அறிவித்தது. சிங்கப்பூர் எவரெஸ்ட் பொடியைத் திரும்பப் பெறச் சொன்னது. அங்குள்ள தேக்காவின் கடைகளில் வாங்கிச் சமைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வீட்டுச் செய்தி. தங்கள் பொருள்கள் பாதுகாப்பானவை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. எத்திலீன் ஆக்சைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய வாயு. இந்தியாவிலும் உணவில் அதற்கு அனுமதி இல்லை. சில வாரங்களுக்குள் அந்த இரு ஊர்களுக்கும் போகும் மசாலாவுக்குக் கட்டாயச் சோதனையை ஸ்பைசஸ் போர்டு கொண்டுவந்தது. 2003-இல் ஐரோப்பாவில் நம் மிளகாய்ப்பொடியில் சூடான் சாயம் பிடிபட்டபோதும் இப்படித்தான், ஏற்றுமதி மிளகாய்க்குக் கட்டாயச் சோதனை வந்தது.

வாரியத்துக்குக் கொச்சி, சென்னை, மும்பை, குண்டூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் நல்ல ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆளும் கருவியும் அறிவும் நம்மிடம் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி. கப்பலேறும் மூட்டைக்கு அந்தக் கருவி வேலை செய்கிறது. உள்ளூர்க் கடைக்கு வரும் மூட்டையிலிருந்து எப்போதாவது ஒரு மாதிரி எடுக்கிறார்கள். வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்ச ஆய்வகம் சந்தைப் பொருள்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, ஏலக்காயின் பெயர் அதில் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு மாநிலத்தின் ஒரு கல்லூரி செய்கிற இந்த வேலையை எல்லா மாநிலமும் செய்திருக்க வேண்டும்.

வணிகக் கணக்கிலும் இதில் நஷ்டம்தான். காப்பியில் ஏலக்காயைப் போட்டுக் குடிக்கும் சவுதி அரேபியா உலகின் பெரிய ஏலக்காய்ச் சந்தை. எச்சம் அதிகம் என்று நம் சரக்கு அங்கே தடுக்கப்பட்டபோது அந்த இடத்தை நிரப்ப குவாத்தமாலா தயாராக இருந்தது. முதலாம் உலகப் போருக்கு முன் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் இங்கிருந்து கொண்டுபோய் நட்ட செடி இன்று அந்தச் சிறு நாட்டை உலக ஏற்றுமதியில் முதலிடத்தில் வைத்திருக்கிறது. மணத்தில் நம் மலைக்காய்க்கு ஈடில்லை என்று வாங்குகிறவர்களே சொல்கிறார்கள். மணத்தோடு ஒரு நம்பகமான சான்றும் சேர்ந்தால் விலை எங்கே போகும்!

பிழை நேர்ந்தபின் ஓடுவது ஏலக்காயோடு நிற்கும் வழக்கமும் இல்லை. 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த ஒரு திரவ மருந்து நூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றபின்தான், 1938-இல் உணவு, மருந்து, அழகுப் பொருள் மூன்றுக்குமான சட்டத்தை அந்நாடு இயற்றியது. அதே நஞ்சு, 2025-இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஓரிரு நாளில் மாதிரியைச் சோதித்துச் சொல்லிவிட்டது. ஓரிரு நாளில் முடியக்கூடிய அந்தச் சோதனை, பாட்டில் ஆலையை விட்டுக் கிளம்பும் முன் நடந்திருக்க வேண்டும்.

தூருக்குள் இருக்கும் கை

இதுவரை சொன்ன அத்தனை வரம்பும் உண்பவருக்கானவை. ஒரு கிலோ ஏலக்காய் வாங்கி வருடம் முழுக்கப் பயன்படுத்துகிற வீட்டில் ஒருவர் உடலுக்குள் போவது மிகக் கொஞ்சம். அதைச் சொல்லாமல் வாசகரைப் பயமுறுத்துவது சரியில்லை. நாளுக்கு எட்டு மணி நேரம் தூருக்குள் கை விட்டிருப்பவருக்கு எந்த வரம்பு?

அவருக்கும் விதி இருக்கிறது. 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகள் மருந்தைக் கையாள்பவர்களையும் தெளிப்பவர்களையும் வேலைக்கு முன்னும் பின்னர் அவ்வப்போதும் மருத்துவர் சோதிக்க வேண்டும் என்கின்றன. குயினால்பாஸ், புரோஃபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. அவை உடலில் ஏறியிருக்கின்றனவா என்பதை இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இவ்வகை மருந்தோடு வேலை செய்பவர்களுக்கு அந்தச் சோதனையை மாதந்தோறும் செய்யச் சொல்கின்றன விதிகள். காப்பு உடை, முகமூடி, முதலுதவி, முறிவு மருந்து, பயிற்சி எல்லாமே அவற்றில் உண்டு. மருந்துக் குப்பியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமைக்கேற்ற நிறம் இருக்க வேண்டும் என்பதும் விதி.

குழாய் பிடிப்பவருக்குக் குப்பியின் நிறமாவது தெரியும். காய் எடுக்கும் பெண்ணுக்கு அதுவும் தெரிய வழியில்லை. நேற்று இந்த வரிசைக்கு எது அடித்தார்கள், எத்தனை நாளாயிற்று என்று எழுதிய பலகை எதுவும் தோட்டத்து வாசலில் இல்லை. காய் எடுப்பவர்களைப் பற்றி அந்த விதிகள் தனியாக எதுவும் சொல்லவும் இல்லை. மாலையில் அதே கையைக் கழுவிவிட்டு, ஜீப் ஏறி, மலையிறங்கி, கம்பத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடப் போகிறார்கள். தலைவலி, கண் எரிச்சல், கையில் அரிப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் அது தேனி மாவட்டக் கணக்கில் சேரும். தோட்டமோ இடுக்கி மாவட்டக் கணக்கில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஓர் அலுவலகம் வேண்டும்.

இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக இந்தத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே தங்குகிறார்கள். குழந்தைகளும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். தமிழோ மலையாளமோ படிக்கத் தெரியாதவர்களுக்கு யார், எந்த மொழியில் எச்சரிக்கை சொல்கிறார்கள்?

செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் இல்லை. நாட்டின் ஏலக்காயில் பெரும்பங்கு புற்றடி, போடி என்ற இரண்டே வாசல்களில் கூடுவது வேறு எந்தப் பயிருக்கும் எளிதில் வாய்க்காத வசதி. விவசாயி வீட்டுக்கு இன்ஸ்பெக்டரை அனுப்பாமலே, அந்த இரண்டு வாசலில் குவியலுக்கு ஒரு மாதிரி எடுத்துச் சோதித்து, எடையும் பருமனும் தெரியும் அதே திரையில் எச்சத்தின் அளவையும் காட்ட முடியும். சோதித்துத் தேறிய ஏலக்காய்க்கென்று தனி ஏலம் நடத்திப் பார்த்த அனுபவம் வாரியத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை அன்றாட ஏலமாக்க வேண்டும். சோதனைச் செலவை விவசாயி தலையில் கட்டாமல் வாரியமே ஏற்க வேண்டும். எச்சம் குறைந்த குவியலுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஒரு பருவம் தெரிந்தால், அடுத்த பருவத்தில் மருந்தின் அளவைக் குறைக்க விவசாயிக்கு எந்த அதிகாரியும் பாடம் நடத்த வேண்டியிருக்காது. அரவணைக்கு வாங்கும் தேவஸ்வம் போர்டும், பஞ்சாமிர்தத்துக்கும் லட்டுக்கும் வாங்கும் மற்றக் கோயில்களும் அந்தத் திரையைப் பார்த்து வாங்கினாலே சந்தை திரும்பிவிடும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து, கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் குமுளியிலும் மாதம் ஒரு நாள் ஒரு மருத்துவ முகாம் போட வேண்டும். ஜீப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொருவர் கையிலிருந்தும் சில சொட்டு இரத்தம் எடுத்து அந்த நொதியின் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்த காய் எடுப்பு ஆடியில் தொடங்குகிறது. முதல் முகாமை அதற்கு முன்பே நடத்திவிடுங்கள்.